ஏழு நாள் தண்ணீர்

பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சுவரையும் கூரையையும்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். தரையைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. நான் முழங்காலிட்டு உட்கார்ந்து, அறை அறையாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். விற்றவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, வீடு வாங்குறீங்களா, பானை வாங்குறீங்களா?" என்று கேட்டார். முன்னறையின் இடது மூலையில் மட்டும் சத்தம் அமுங்கிக் கேட்டது. அடியில் மண் இறங்கியிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

நேற்று தாளும் பேனாவும் கொடுத்து, முதலிலிருந்து எழுது என்றீர்கள், மேடம். எழுதுகிறேன். ஆனால் அத்தானை வெளியே விட்டுவிடுங்கள். ஒரு பொம்பளை தனி ஆளாக இவ்வளவும் செய்திருக்க முடியாது, அக்கா புருஷனும் கூட இருந்திருப்பான் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அவர் காலண்டர் மாட்டினால் நாம்தான் தலையைச் சாய்த்துத் தேதி பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நடந்த ஒவ்வொரு வேலையும் நான் தனியாகச் செய்தது. அக்கா விஷயமும் அதில் சேர்த்திதான்.

எனக்கு நாற்பத்தொரு வயது. சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். தைத்து முடித்த சட்டை என் மேஜைக்கு வரும். காலர், கைமடிப்பு, பொத்தான் துளை, உள்தையல் என்று விரலை ஓட்டிப் பார்த்து, குறை உள்ள இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என் வீட்டுச் சுவரெல்லாம் நீங்கள் பார்த்த சிவப்பு அம்புகள் அவைதான். உங்கள் கான்ஸ்டபிள் மாந்திரீகமோ என்று பயந்துபோனாராம். விரிசல் உள்ள இடம், ஈரம் ஏறிய இடம், பூச்சு விட்டுப்போன இடம், அவ்வளவுதான் அவற்றுக்கு அர்த்தம்.

அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பத்து வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். அவள் கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டு ஹாலில்தான் இத்தனை வருடமும் படுத்தேன். காலை ஐந்தரைக்குள் பாயைச் சுருட்டிவிடுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஹால் எல்லோருக்கும் வேண்டுமல்லவா?

அக்கா நல்லவள். ஒப்புக்குச் சொல்லவில்லை, எனக்கு அவள் மேல் உயிர். ஆனால் அவளுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கத் தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகு என் பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி மடித்து வைப்பாள். எனக்குப் பிடித்த பழைய கைப்பையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி வைப்பாள். எனக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து, பதிலும் எழுதி வைத்திருப்பாள், கையெழுத்து மட்டும் நான் போட்டால் போதும் என்று. "எல்லாம் உனக்காகத்தானே குட்டி" என்பாள். நாற்பது வயதிலும் நான் குட்டிதான். அவள் கை படாத பொருள் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. அப்படி ஒரே ஓர் இடம் வேண்டும் என்றுதான் அந்த வீட்டை வாங்கினேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே ஒரு மரப்பரண். என் தொழிற்சாலைக்கு எதிரில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடம் சாப்பாட்டு வேளையில் சன்னல் பக்கம் உட்கார்ந்து கொத்தனார்கள் செய்வதைப் பார்த்தேன். கலவையில் தண்ணீர் எவ்வளவு, பூச்சை எப்போது தொடலாம், எப்போது தொடக் கூடாது எல்லாம் பார்த்தே படித்தது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு நேராக அந்த வீட்டுக்குப் போவேன், இருட்டுவதற்குள் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். வார விடுமுறை முழுக்க அங்கேதான். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த எட்டு மாதம் அது.

முதலில் பரண். அங்கே புறாக்கள் குடியிருந்தன. விரட்டிப் பார்த்தேன், போன வேகத்தில் திரும்பி வந்தன. ஒரு நாள் மத்தியானம் அவை உள்ளே இருக்கும்போது சன்னலைச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தைத் திருகினேன். பதினொன்று. ஒரு காலரை மடித்துப் பார்க்கிற நேரம்தான் ஒவ்வொன்றுக்கும் ஆனது. கூட்டில் இருந்த முட்டைகளையும் சேர்த்து ஒரு சிமெண்ட் பையில் கட்டிப் போட்டேன். அன்று கை கழுவும்போது மனசு லேசாக இருந்தது.

அடுத்தது வாசல் கதவு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பெயிண்ட் இருந்தது. ஆறு வாரம் உட்கார்ந்து சுரண்டி எடுத்தேன். அடியில் வந்த மரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. மழைக்காலத்தில் கதவின் அடிப்பக்கம் உப்பித் தரையில் இடித்தது. காய்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் போகிறேன், ஒரு தச்சர் கதவைக் கழற்றி, கீழே இரண்டு விரல்கடை இழைத்துத் தள்ளிவிட்டு, திரும்பவும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"உங்க அக்காதாம்மா அனுப்பிச்சாங்க. இனிமே இடிக்காது. வெண்ணெய் மாதிரி சாத்தும் பாருங்க" என்றார்.

அவருடைய இடது கை நிலையைப் பிடித்திருந்தது. நான் சாத்திப் பார்த்தேன். நான்கு விரல் உள்ளே இருந்தது. அவர் கத்தியபோதும் நான் கதவில் சாய்ந்துகொண்டேதான் நின்றேன். எத்தனை நேரம் என்று நீங்கள் கேட்டபோது நினைவில்லை என்று சொன்னேன். அது பொய். இருபது வரைக்கும் எண்ணினேன். அவர் அக்காவிடமும் ஆஸ்பத்திரியிலும், "காத்துல கதவு சாத்திக்கிச்சு" என்று சொல்லிவிட்டார். ஒரு பொம்பளை செய்தாள் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். அக்கா பாவப்பட்டு அவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்போதுதான் அவளிடம் என் வீட்டுச் சாவிக்கு நகல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. என் கைப்பையிலிருந்து எடுத்துப்போய் வெட்டி வைத்திருக்கிறாள். "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டுமேடி" என்றாள். அக்காவிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கடைசியில் தரைக்கு வந்தேன். அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். முன்னறையின் பழைய தரையை உடைத்து அள்ள மூன்று வாரம் ஆனது. இடது மூலையில் தொளதொளவென்று இருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்கு எடுத்து, புது மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினேன். மேலே ஜல்லிக் கலவை போட்டு, மட்டப்பலகையால் இழுத்து, சிமெண்ட் பாலால் வழித்தேன். ஒரு கோலிக் குண்டை அறை நடுவில் வைத்தேன். வைத்த இடத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சிமெண்ட் தரை போட்டவர்களுக்குத் தெரியும், போடுவது பாதி வேலைதான். பிறகு ஓரமெல்லாம் மண்ணால் வரப்புக் கட்டி, தரை முழுக்க இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஏழு நாள். தரை தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இறுகும். நடுவில் காய விட்டால் போச்சு. நானும் நிறுத்தினேன். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுப் போவேன். கண்ணாடி மாதிரி நிற்கும்.

நான்காம் நாள் மத்தியானம் அக்கா போயிருக்கிறாள். வீடு முழுக்கத் தண்ணீர். குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியின் வால்வை அடைத்திருக்கிறாள். வரப்பை உடைத்து, துடைப்பத்தால் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வாசலுக்குத் தள்ளி, இரண்டு பழைய புடவையைப் போட்டுத் துடைத்து, சன்னலையெல்லாம் திறந்து, பக்கத்து வீட்டில் ஒரு மின்விசிறி இரவல் வாங்கி, சாயங்காலம் வரை ஓட விட்டிருக்கிறாள். முழங்கால் வலிக்காரி. அன்று நான் ஓவர்டைம் பார்த்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளை நான் போனேன். வீடு பூராத் தண்ணிடி. ஒத்தை ஆளா வெளியேத்தினேன். நீ பாட்டுக்கு உள்ள போயிருந்தா வழுக்கி விழுந்து மண்டைய உடைச்சிருப்ப" என்றாள்.

அவளிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், மேடம். சொல்லியிருந்தால் தினமும் தண்ணீர் ஊற்ற அவள் கிளம்பியிருப்பாள். அது என் தரை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தரை முழுக்க முடி முடியாக விரிசல். அம்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தேன். நூற்றுப் பதினான்கு ஒட்டியதும் கட்டு தீர்ந்துபோனது. எனக்கு அழுகை வரவில்லை. ஸ்டிக்கர் தீர்ந்த தாளைக் கசக்கிச் சுவரில் எறிந்தேன். அன்று சாயங்காலம் அக்காவிடம் நிதானமாக விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "அடக் கடவுளே, எனக்கு என்னடி தெரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "இனிமே உன்னைத் தனியா விட மாட்டேன். தினமும் நானே வந்து கூட நிக்கிறேன். அந்த மூலையில ஒரு கட்டில் போட்டுட்டா, நானும் அத்தானும்கூட வந்து படுத்துக்கலாம். உனக்கும் துணையா இருக்கும்" என்றாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்தது என்று எழுதினால் தண்டனை குறையலாம் என்று வக்கீல் சொன்னார். கோபம் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு சட்டையில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். துணியே சரியில்லை என்றால் ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

விரிசல் விட்ட தரையை இரண்டு வாரத்தில் உடைத்து முடித்தேன். சனிக்கிழமை லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை அக்காவிடம், "நாளைக்கு ஒரு கை குடுக்கிறியாக்கா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவளிடம் உதவி என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இடது மூலையில் மறுபடி மண் இறங்கிவிட்டது, தோண்ட வேண்டும் என்று சொன்னேன். மண் ஒன்றும் இறங்கவில்லை. முதல் தடவையே நன்றாக இறுக்கியிருந்தேன். நான் கடப்பாரையால் குத்திக் கொடுக்க, அவள் உட்கார்ந்துகொண்டே மண்ணைச் சட்டியில் அள்ளி அள்ளி வெளியே வைத்தாள். சின்ன வயதில் நான் மண் தின்று அடி வாங்கிய கதையைச் சொல்லிச் சிரித்தாள். "இவ்வளவு ஆழம் போதாதா குட்டி?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் நீளம் வேணும்க்கா" என்றேன். சரி என்று அந்தப் பக்கமும் தோண்டினாள். அவள் மண்ணைத்தான் அள்ளினாள். அதைப் பெரிய வேலை என்று சொல்ல முடியாது.

பதினொன்றரை இருக்கும். அவள் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது சம்மட்டியை எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. அது என் பிசகு, அவள் அசைவாள் என்று நான் கணக்குப் பண்ணவில்லை. தோளெலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. என் கையிலிருந்து சம்மட்டி நழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், மேடம்.

"ஒண்ணுமில்லடி. ஒண்ணுமில்ல. நீ பயப்படாத" என்றாள்.

இரண்டாவதைப் பின்தலையில் சரியாகப் போட்டேன். முகம் குப்புற விழுந்தாள். மூன்றாவதும் அங்கேயேதான். காதிலிருந்து ரத்தம் வந்தது, நினைத்த அளவுக்கு இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டு உறிஞ்சிக்கொண்டது. சுவரில் தெறித்த நாலைந்து துளியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், தேய்த்தால் பூச்சில் ஏறிவிடும். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குழிக்குள் இழுத்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். கனமாகத்தான் இருந்தாள், ஆனால் இரண்டு சிமெண்ட் மூட்டையை ஒரே நாளில் தெருவிலிருந்து உள்ளே கொண்டுவந்தவள் நான். அவள் செருப்பையும் கைப்பையையும் மறக்காமல் வைத்தேன். முகத்தின் மேல் துண்டைப் போட்டேன். உடைத்த தரைத் துண்டுகளைச் சுற்றிலும் அடுக்கி, மேலே மணலைக் கொட்டினேன். முறைப்படி அங்கே திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அக்கா மேல் கட்டையால் இடிக்க எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

கலவையைப் போட்டு, வாசலை ஒட்டிய அந்த இடது மூலையிலிருந்தே ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வழித்துக்கொண்டே வந்தேன். சமையலறை வழியாக வெளியேறுவது திட்டம். கொஞ்ச தூரம் வருவதற்குள் அந்த மூலையில் தரை கையளவுக்கு உப்பியது. பலகை போட்டு அதன்மேல் ஊர்ந்து போய், கரண்டியால் அமுக்கினேன். அடியிலிருந்து எதுவோ திருப்பித் தள்ளுவதுபோல் இருந்தது. ஈர மணலில் காற்று அடைபட்டால் அப்படி இருக்கும். நன்றாக அமுக்கி, மட்டம் பார்த்து வழித்துவிட்டு வந்தேன்.

நான் அறையின் மறுகோடிக்கு வந்திருந்தபோது அத்தான் வந்தார். எங்கள் இருவருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே நிறுத்தினேன். அக்கா பிரஷ் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார். "பரவால்லையே, பிரமாதமா போட்டிருக்கியேம்மா. உங்க அக்கா பாத்தா கண்ணு வச்சிருவா" என்று தமாஷ் பண்ணினார். பிறகு, "இங்க ஏதோ உப்பிக்கிட்டு வருது பாரு" என்றார்.

அதே இடம். நான் இருந்த இடத்திலிருந்து அங்கே வந்தால் வழித்த தரை முழுக்க வீணாகிவிடும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "நீ வர வேணாம்மா, நான் அமுக்கிடறேன்" என்று அவர் எட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரை கெட்டுவிடுமே என்றுதான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தார். "மறுபடி மறுபடி எழும்புதும்மா. ம்... இப்ப அடங்கிருச்சு" என்றார். கையைக் கழுவிவிட்டு, அக்காவின் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் படியில் வைத்தார். "வந்ததும் சாப்பிடச் சொல்லு, மாத்திரை போடணும் அவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் போட்டோ எடுத்த கைத்தடம் அதுதான். அதை வைத்துக்கொண்டு அவரும் கூட்டு என்று சொல்வது அநியாயம். மொத்தத் தரையில் அவர் தொட்டது அந்த ஒரு சாண் இடம். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தது. அவ்வளவுக்கு அவர் பெயரைச் சேர்த்தால் என் எட்டு மாத உழைப்புக்கு என்ன மரியாதை?

நேற்று டாக்டரின் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். அக்காவின் மூச்சுக் குழாயில் மணல் இருந்தது, முகத்தின் மேல் துணி விலகியிருந்தது, வலது கை மேலே தூக்கியபடி இருந்தது என்றீர்கள். படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தானிடம் அதை இன்னும் காட்டவில்லை போலிருக்கிறது, காட்டியிருந்தால் பக்கத்து அறையில் அவர் இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டார். அவரை விட்டுவிடுங்கள். அக்காவைக் கொன்றது நான், நான் மட்டும்தான், மூன்று அடியில் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர்களுக்குக் கட்டட வேலை தெரியாது. அன்றைக்கு அவசரத்தில் மணலைச் சலிக்காமல் கொட்டிவிட்டேன், தரை எழும்பியது அதனால்தான்.